ஆடை வரலாற்றுக்குச் சான்று தேடுவோம்

இவ்வெள்ளி விழா மலருக்காகப் பழைய நிழற்படங்கள் திரட்டும் பொருட்டு, கடந்த ஆண்டு நம் கழக உறுப்பினர் பலருடைய இல்லங்களுக்கு நாம் சென்று வந்தோம். கிடைத்தவை மிகச் சில. அவற்றுள் மூன்று படங்கள் நம்மை வியப்பில் ஆழ்த்தின. மூன்று வெவ்வேறு குடும்பங்கள், மூன்று வெவ்வேறு இளைஞர்கள்; ஆனால் மூவரும் அணிந்திருந்தது ஒரே கோட்டு. அகன்ற கழுத்துப்பட்டி; இடப்புறப் பையில் ஒரு கைக்குட்டை; மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அவர்கள் உறவினரும் அல்லர், ஓர் ஊரினரும் அல்லர்.

புதிரை விடுவித்தவர் அம்மூவருள் ஒருவரின் துணைவியார். தொண்ணூறு வயதை நெருங்கும் மூதாட்டி. "அது ஸ்டூடியோக்காரர் கோட்டு தம்பி. படம் பிடிக்கப் போறவங்க எல்லாரும் அதைத்தான் மாட்டிக்குவாங்க" என்றார். படம் ஏன் மார்பளவோடு நின்றுவிட்டது என்று கேட்டோம். "கீழே கட்டியிருந்தது முழங்காலுக்கு மேலே ஏத்திக் கட்டின வேட்டி. அது படத்துல எதுக்கு?" என்று கூறிச் சிரித்தார்.

அந்த ஒரு விடையில் ஆடை வரலாற்று ஆராய்ச்சியின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. படத்தை மட்டும் நம்பியவன், அக்காலத்தில் நம் இளைஞர் கோட்டு அணிந்தனர் என எழுதிவிடுவான். மூதாட்டியின் சொல்லை மட்டும் கேட்டவன், கோட்டைக் கண்டதே இல்லை என எழுதிவிடுவான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இன்னொருவருடைய கோட்டில் தம் விருப்பத்தைப் பதிவு செய்து வைத்த மூன்று மனிதர்கள் தெரிகின்றனர். நம்மவர் உடுத்தியதன் வரலாற்றை எழுத முன்வரும் இளைஞர்களுக்குச் சான்றுகள் எங்கே கிடைக்கும், அவற்றை எவ்வாறு படிப்பது என்பதை இக்கட்டுரையில் ஓரளவு கூற முற்படுகின்றோம்.

தமிழர் ஆடை அணிகலன் பற்றிய நூல்கள் பல உள. சங்க இலக்கியத்துத் துகில் முதல் காஞ்சிப் பட்டு வரை அவற்றில் விரிவாகப் பேசப்படும். சேரி மக்களின் உடை பற்றித் தேடினால் ஒரு வரி கிடைப்பதே அரிது. அந்த ஒரு வரியும் 'குறைந்த ஆடையே உடுத்தினர்' என்பதாக இருக்கும். காரணமாக வெப்பம் சொல்லப்படும், வறுமை சொல்லப்படும், பழக்கம் சொல்லப்படும். வெப்பம் அனைவருக்கும் பொது. வறுமை உண்மையே. ஆனால் ஆவணங்கள் சொல்லும் காரணம் வேறு.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆதிக்க சாதியார் ஆதி திராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், 1946-இல் வெளியான சாதி பற்றிய தம் நூலில் அவற்றை வரிசையாக எழுதி வைத்திருக்கின்றார். பொன், வெள்ளி நகை அணியலாகாது. ஆடவர் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கலாகாது. இடுப்புக்கு மேலே ஏறலாகாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்து விடலாகாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு புழங்கலாகாது. பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கலாகாது. பூச் சூடலாகாது, மஞ்சள் பூசலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. எட்டில் ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் உடல்மேல் அணிவதைப் பற்றியவையே என்பதைக் கவனியுங்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடை கொள்ளையிடப்பட்டது. அவ்வளவுக்கும் பின்னர், 1931 ஜூன் மாதத்தில் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

இப்பட்டியலைப் படிப்போர் கண்ணீர் வடித்துவிட்டு நூலை மூடிவிடுகின்றனர். வரலாற்று மாணவன் அவ்விடத்தில் நூலை மூடலாகாது. எவரும் செய்யாத ஒன்றை எவரும் தடை செய்வதில்லை. பனியன் கூடாதென்று 1930-இல் ஒருவன் சொல்கின்றான் என்றால், அதற்கு முன்பே நம் இளைஞன் ஒருவன் பனியன் அணிந்து அவன் கண்முன் நடந்திருக்கின்றான் என்று பொருள். முடியைக் கத்தரிக்கலாகாது என்றால், எங்கோ ஒரு நகரத்திலோ தோட்டத்திலோ படையிலோ கிராப்பு வெட்டிக்கொண்டு ஊர் திரும்பியவன் இருந்திருக்கின்றான். தாவணி என்ற சொல் தடையில் இருப்பதாலேயே, தாவணி நம் பெண்களின் தோளில் ஏற்கெனவே ஏறியிருந்தது என்பது உறுதி. தடைப் பட்டியலைத் திருப்பிப் பிடித்துப் படித்தால் அது ஒரு துணிக்கடைப் பட்டியல்போல் ஆகிவிடுகின்றது! எத்தனை பேர் அணிந்தனர், எவ்வூரில் அணிந்தனர் என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு சான்று தேட வேண்டும்.

இதனினும் பழைய, இதனினும் விரிவான ஆவணத் தொகுதி தெற்கே இருக்கின்றது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தமை நாம் அறிந்ததே. அங்கே 1820-களிலும், மீண்டும் 1858-59-லும் தோள்சீலைக் கலகம் என்று பெயர் பெற்ற மோதல்கள் நிகழ்ந்தன. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த மேற்சட்டை அணிந்துகொள்ள 1810-களிலேயே கர்னல் மன்றோவின் ஆணை இடமளித்தது. 1829-ஆம் ஆண்டு அரசு அறிக்கை குப்பாயத்தை ஒப்புக்கொண்டு, தோள்சீலையை மறுத்தது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. இறுதியில் 1859 ஜூலை 26 அன்று வெளியான அறிக்கை, சாணார் பெண்கள் எச்சமயத்தவராயினும் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டும் முறையில் கட்டிக்கொள்ளலாம், வேறு வகையிலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர் சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியலாகாது!

இங்கேதான் சான்றை ஊன்றிப் படிக்கும் பழக்கம் கை கொடுக்கும். இந்நிகழ்ச்சிகளைப் பற்றி அதிகம் எழுதி வைத்தவர்கள் இலண்டன் மிஷன் சங்கத்தார். அவர்களுடைய கடிதங்களில் இது நாணத்தைப் பற்றிய செய்தி. உடம்பு மறைந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். எனவே குப்பாயம் தைத்துக் கொடுத்தனர். ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை; அதன்மேல் தோள்சீலையும் இட்டுக்கொண்டனர். அவர்கள் கேட்டது மறைப்பை மட்டுமன்று. எந்தத் துணி உயர்வுக்கு அடையாளமாக இருந்ததோ அதே துணியை, அதே முறையில் அணியும் உரிமையைக் கேட்டனர். மிஷனரி எழுதியதை நம்பலாம்; மிஷனரி சொன்ன காரணத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இம்மோதலின் அரசு ஆவணங்கள் திருவனந்தபுரத்துக் கேரள அரசு ஆவணக் காப்பகத்திலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உள. மிஷன் சங்கத்துக் கடிதங்கள் இலண்டனில் கீழ்த்திசை, ஆப்பிரிக்கக் கல்விக் கழக நூலகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர், மிஷனரி சாமுவேல் மற்றீர் 1871-லும் 1883-லும் வெளியிட்ட இரு நூல்களைப் படிக்கலாம். புலையர், பறையர் உடுத்த வகை, பூண்ட மணி, செலுத்திய வரி எல்லாம் அவற்றில் உள. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலும் பயன்படும்.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு சொல். சேர்த்தலையில் நங்கேலி என்ற பெண் முலைவரி கேட்டு வந்தவனிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்னும் செய்தி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. 'முலைச்சிப்பறம்பு' என்ற இடப்பெயரோடு சேர்ந்து வாய்மொழியாக வழங்கி வந்த செய்தி அது. முலைக்கரம் என்ற வரி இருந்தது உண்மை. அது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலைக்கு விதித்த வரி. ஆடவர்க்கு விதித்த தலைக்கரத்துக்கு இணையானது. மார்பை மறைத்தால் மட்டும் செலுத்த வேண்டிய வரி என்று பலர் எழுதுவது பிழை. வாய்மொழிச் செய்தியை வாய்மொழிச் செய்தி என்றே சொல்வோம். அதனால் நங்கேலியின் பெருமை குறையாது. அரசு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகின்றவனை மறுப்பது எதிரிக்கு எளிதன்று. கேள்விப்பட்டதை ஆவணம் எனப் பேசுகின்றவனை ஒரே கேள்வியில் வீழ்த்திவிடலாம்.

அணியத் தடை என்பது ஒரு பக்கம். அணிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மறுபக்கம். திருவிதாங்கூரில் புலையப் பெண்கள் கழுத்து நிறையக் கல்மாலையும் பாசிமணியும் பூண்டாக வேண்டும் என்றிருந்தது. தொலைவிலேயே சாதியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அது. 1893-இல் வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து வில்வண்டியில் பொதுச் சாலையில் சென்ற அய்யன்காளியின் இயக்கம், 1915-இல் பெரிநாட்டுக் கலவரத்துக்குப் பின் கொல்லத்தில் கூட்டிய கூட்டத்தில் அப்பெண்கள் கல்மாலைகளை அறுத்துக் குவித்தனர். மணிமாலையை 'பழங்குடி அழகு' எனக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காட்டும் அருங்காட்சியகங்களுக்கு நாம் செல்லும்போது, அதை அறுத்தெறிந்த கைகளையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மராட்டியத்திலும் இதே செய்திதான். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டின்போது அண்ணல் அம்பேத்கர் பெண்களுக்கெனத் தனியே உரையாற்றினார். தீண்டப்படாதோர் என்று பார்த்தவுடன் தெரியும்படி புடவை கட்டுவதையும், கை கால் நிறையக் கனத்த காப்புகள் பூணுவதையும் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். பெண்கள் அங்கேயே புடவைக் கட்டை மாற்றிக்கொண்டனர். இத்தகைய செய்திகளை மூதாட்டிகளிடம் நேரில் கேட்டுத் தொகுத்து, ஊர்மிளா பவார், மீனாட்சி மூன் என்ற இரு பெண்மணிகள் 1989-இல் மராட்டியில் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் செய்தது போன்ற பணி தமிழகத்தில் இன்னும் பன்மடங்கு நடைபெற வேண்டும்.

இனிப் பழங்காலத்துக்குச் செல்வோம். கோயிற் சிற்பங்களும் ஓவியங்களும் ஆடை வரலாற்றுக்குப் பெருஞ்சான்று என்பர். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களிலும், லேபாட்சியின் விசயநகர ஓவியங்களிலும், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துச் சேதுபதி ஓவியங்களிலும் துணியின் கரை, பூவேலை, மடிப்பு முதலியவற்றைத் துல்லியமாகக் காணலாம். ஆனால் அங்கே நிற்போர் அரசர், அரசியர், ஆடல் மகளிர், பணியாளர். கோயிலுக்குள் நுழைய விடப்படாதவர்களைக் கோயிற் சுவரில் தேடிப் பயனில்லை.

கல்வெட்டு சிறிது கை கொடுக்கும். கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் கொங்கு நாட்டில் பொறிக்கப்பட்ட அரசாணை ஒன்று கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம். செருப்பு அணிவதற்கு அரசன் ஆணை வேண்டியிருந்தது என்றால், ஆணை பெறாதவர் நிலை என்ன? இராமநாதபுரத்து எட்டாம் தடை 1930-இல் முளைத்தது அன்று. அதன் வேர் எத்துணை ஆழமானது என்பதை இக்கல்வெட்டு காட்டுகின்றது.

இலக்கியத்துள் சேக்கிழாரின் பெரியபுராணத்தைத் தவறாமல் படிக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் நந்தனார் பிறந்த ஆதனூர்ப் புலைப்பாடியின் காட்சி வருகின்றது. அங்கே சிறுவர் கையில் காப்பு உண்டு, அரையில் மணியும் உண்டு, இரண்டும் இரும்பு. குழந்தைக்கு அணி பூட்டிப் பார்க்கும் ஆசை சேரித் தாய்க்கும் இருந்தது என்பதையும், அவள் கைக்கு எட்டிய உலோகம் எது என்பதையும் அப்பெரும்புலவர் தம்மை அறியாமலே நமக்குச் சொல்லிச் சென்றிருக்கின்றார். புலவர் அரசவையைச் சார்ந்தவர், நேரில் கண்டாரோ எனச் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமே, ஆயினும் இரும்புக் காப்பைக் கற்பனை செய்ய எப்புலவனுக்கும் தேவை எழுவதில்லை. நந்தனார் கதை 1935-இல் திரைப்படமானபோது அவ்வேடத்தை ஏற்றவர் கே. பி. சுந்தராம்பாள். திரையில் நமக்கு என்ன உடுத்தினார்கள் என்பதும் ஆராயத்தக்கதே. அது நம் உடையைக் காட்டாது; நம்மைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணத்தைக் காட்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சை முதலிய இடங்களில் ஓவியர்கள் ஆங்கிலேயர்க்கு விற்பதற்காகச் சாதிக்கொரு கணவன் மனைவி என்று வரைந்தனர். அவ்வேடுகளில் சக்கிலியர், பறையர், வண்ணார் முதலானோரும் தத்தம் தொழிற் கருவியோடு நிற்பர். நம்மவரின் முதல் வண்ணப் படங்கள் எனத்தக்க இவை இலண்டன் அருங்காட்சியகங்களில் பெருந்தொகையாக உள. பல இன்று கணினி வழியாகவும் காணக் கிடைக்கின்றன. மிக அழகியவை, அதனாலேயே ஆபத்தானவை. ஓவியன் பழைய ஏட்டைப் பார்த்தே புதிய ஏட்டை வரைந்தான். 1830-இல் வரைந்த படத்தின் சேலைக்கட்டு அதற்கு ஒரு தலைமுறை முந்தியதாக இருக்கக்கூடும். சாதியை அடையாளம் காட்டவே வரைந்ததால், அடையாளத்தைச் சற்று மிகுத்தும் காட்டினான்.

நிழற்படமும் அவ்வாறே. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலைத் தொடாமல் எவரும் இத்துறையில் நுழைய முடியாது. மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்த மனிதர் அவர். அவர் முன் நிறுத்தப்பட்டவர்கள் தாமாக வந்து நின்றவர்கள் அல்லர். அவர்கள் முகத்தைப் பாருங்கள்; நம் மூதாட்டி வீட்டுப் படத்தில் கடன் கோட்டோடு சிரிக்கும் இளைஞனின் முகத்தையும் பாருங்கள். ஒருவன் பிறருக்காக நிற்கின்றான். மற்றவன் தனக்காக நிற்கின்றான். சென்னையில் இயங்கிய நிக்கலஸ் கம்பெனி, வீலே அண்டு கிளைன் முதலிய படப்பிடிப்பு நிலையங்களும் இத்தகைய 'மக்கள் வகை' படங்களை எடுத்து விற்றன.

துணியே நேரடியாகக் கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி 1866-இல் 18 தொகுதிகள் உருவாக்கினார். மொத்தம் 700 துண்டுகள்; இருபது படிகள் செய்து, பதின்மூன்றைப் பிரிட்டனிலும் ஏழை இந்தியாவிலும் வைத்தனர். மான்செஸ்டர் ஆலைக்காரன் பார்த்து அதுபோல் நெய்து நமக்கே விற்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. நோக்கம் எதுவாயினும், வேட்டி, சேலை, தலைப்பாகை, லுங்கி ஆகியவற்றின் நீளம், அகலம், நூல் தரம் இன்று வரை அழியாமல் இருப்பது அதனால்தான்.

அத்துணிகளை நெய்தவர் யார் என்ற கேள்வியை மறக்கலாகாது. 1800-01-இல் மைசூர், மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புகானன், ஹொலெயர் முரட்டு வெள்ளைத் துணி நெய்ததைக் குறித்திருக்கின்றார். தமிழகத்தில் நெசவையே தொழிலாகக் கொண்ட கோலியர் என்ற பிரிவு பறையரோடு தொடர்புடையது. நாட்டுக்குத் துணி நெய்து கொடுத்த கைகளும் நம்மிடம் இருந்தன. நம் வரலாற்றை உடுத்தாதவர் வரலாறு என்று மட்டும் எழுதுவோர் இதைக் காண்பதில்லை.

தடையை முதலில் உடைத்தவர்களுள் சீருடைக்காரர் பலர். சென்னைச் சுரங்க, பாதைப் படையில் நம்மவர் பெருமளவில் பணியாற்றினர். சட்டை, பூட்சு, தொப்பி யாவும் அரசு கொடுத்தது. அதை அணிந்து விடுமுறையில் ஊருக்கு வந்தவனைத் தடுப்பது எளிதாக இருந்திராது. கோலார் தங்கவயல் தொழிலாளர், இரயில்வேத் தொழிலாளர், நகரத்துத் துரை வீட்டுச் சமையற்காரர் ஆகியோர் வழியாகவும் தைத்த உடை சேரிக்குள் வந்தது. கடல் கடந்தோர் பற்றிய சான்று இன்னும் வியப்பானது. மொரிசியசுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளை அடையாளத்துக்காகப் படம் பிடித்து வைக்கும் வழக்கம் 1860-களில் தொடங்கியது. அப்படங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. ஊரில் மேலாடைக்குத் தடை இருந்த காலத்தில், கடலுக்கு அப்பால் நம்மவர் என்ன அணிந்து நின்றனர் என்பதை அங்கே முகத்தோடு காணலாம்.

அருகிலேயே இருந்தும் எவரும் புரட்டாத நூல்களும் உள. 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையொட்டிச் சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த சிற்றூர்களுக்குத் தனித்தனி ஆய்வறிக்கை வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் உடை, நகை பற்றிய பகுதி உண்டு. சாதிவாரியாகவும் செய்தி கிடைக்கும். கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கின்றது. 1907-இல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ்க் கட்டுரைகள் தொகுப்பாகவே வெளிவந்துள்ளன. இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோர் பேசிய சென்னைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் அச்சில் உள.

சட்டப் புத்தகம் ஆடை வரலாற்றுக்குச் சான்றாகும் என்றால் சிலர் நகைப்பர். 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் பாருங்கள்: நகையும் அலங்கார ஆடையும் அணிவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தத்தைப் பாருங்கள்: பொது இடத்தில் காலணி அணிவதையும் புத்தாடை அணிவதையும் தடுப்பது குற்றமெனப் புதிதாகச் சேர்த்திருக்கின்றனர். தடைப் பட்டியலைத் திருப்பிப் படித்ததுபோல் இதையும் திருப்பிப் படியுங்கள். 2015-இல் நாடாளுமன்றம் செருப்பைப் பற்றி எழுத வேண்டியிருந்தது ஏன்?

இவையெல்லாம் காப்பகங்களில் இருப்பவை. சில ஆண்டுகள் கழித்தும் அங்கே இருக்கும். நம் வீடுகளில் இருப்பவை அப்படியல்ல. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் கலியாணச் சேலை, மொய் நோட்டு, அடகுக்கடைச் சீட்டு, ஜவுளிக்கடைப் பற்று, பண்ணையில் ஆண்டுக்கொருமுறை கொடுத்த வேட்டி சேலைக்கான கணக்கு, திருமணப் படம் ஆகியவை ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு வெள்ளையடிக்கும்போது குப்பைக்குப் போகின்றன. படம் கிடைத்தால் அதன் பின்புறத்தை முதலில் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படத்தில் இருப்பவர் பெயரை வீட்டார் சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுங்கள்.

முதியோரிடம் கேட்கும்போது 'அந்தக் காலத்தில் என்ன உடுத்தினீர்கள்' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 'என்னத்த, கந்தல்தான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உங்கள் முதல் சட்டையை யார் தைத்தார், எந்த ஊர்த் தையற்காரர் நம்மவர்க்கு அளவெடுக்க ஒப்புக்கொண்டார், தொட்டு அளவெடுத்தாரா, பழைய துணியை அளவுக்குக் கேட்டாரா, சலவைக்கு யார் எடுத்தார், தோளில் கிடந்த துண்டை எந்தத் தெருமுனையில் இடுப்புக்கு இறக்கினீர்கள், எந்த ஆண்டில் இறக்காமல் நடந்தீர்கள் என்று கேளுங்கள். துண்டைப் பற்றிய கேள்விக்கு நாம் சென்ற இல்லங்களில் ஒருவரேனும் தெரியாது என்று சொல்லவில்லை. இடத்தையே சுட்டிக் காட்டினார்கள்.

கோட்டுப் படத்தின் கதையைச் சொன்ன மூதாட்டி, நாம் விடைபெறும் வேளையில் உள்ளே சென்று ஒரு துணி முடிச்சைக் கொண்டு வந்தார். அதில் இருந்தது ஓர் இரவிக்கை. கருநீலச் சீட்டி, கையால் தைத்தது, அக்குளில் இரண்டு முறை ஒட்டுப் போட்டது. அவர் அணிந்த முதல் இரவிக்கை. நகரத்து மருத்துவமனைக்குப் போகும்போது போட்டுக்கொள்வாராம்; திரும்பும் வழியில் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நடப்பாராம். நான்கு ஆண்டுகள் அப்படி நடந்ததாகக் கணக்குச் சொன்னார். ஐந்தாம் ஆண்டு மரத்தடியில் நிற்கவில்லை.

படங்களை இம்மலருக்குத் தர இசைந்தார். இரவிக்கையை மட்டும் தரவில்லை. "அது என்னோடவே போகட்டும் தம்பி" என்றார். அவர் அனுமதியோடு அதனை விரித்து வைத்து அளவெடுத்தோம். நீளம், கை, கழுத்து, தையலின் இடைவெளி, ஒட்டுத் துணியின் நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து, ஊரையும் நாளையும் அவர் பெயரையும் எழுதிக் கழக நூலகத்தில் வைத்திருக்கின்றோம்.